இரண்டு பாத்தி விதைக்காய்

ஜனவரி 3

முதலில் ஒரு திருத்தம். வேதமுத்துவோடு போட்டி போட்டுக்கொண்டுதான் நான் சின்ன வெங்காயத்தை விதையிலிருந்து வளர்க்கப் போகிறேன் என்று மாதா கோவில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். புத்தாண்டுப் பூசை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். அது தவறு. வேதமுத்து என் வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயக் காடு வைத்திருப்பவர். காலமான என் கணவர் மரியதாஸின் சிநேகிதர். மனைவியை இழந்தவர். அவ்வளவுதான். அவரை ஜெயிப்பதில் எனக்கு என்ன இருக்கிறது?

காரணம் வேறு. சில வருடங்களாக எங்கள் பக்கம் வெங்காயத்தில் கோழிக்கால் நோய் விழுகிறது. தாள் கோழியின் கால் விரல்போல முறுக்கிக்கொள்ளும், கழுத்து நீளும், மண்ணுக்குள் காய் அழுகும். பிழைத்ததில் கொஞ்சம் எடுத்து, காயைச் சேமிக்கும் மூங்கில் பட்டறையில் போட்டு, அதையே அடுத்த பட்டத்துக்கு விதைக்காயாக ஊன்றுகிறோம். அதாவது நோயையும் நாமே சேர்த்து ஊன்றுகிறோம். பல்கலைக்கழகத்தில் ஒரு ரகத்துக்கு விதை தருகிறார்கள். அதை நெருக்கமாக விதைத்து, கோலிக்குண்டு அளவுக்குக் காய் எடுத்து, உலர்த்தி வைத்திருந்து வைகாசியில் நட்டால் சுத்தமான பயிர் வரும். விவசாய இதழில் படித்தேன். தொலைபேசியில் கேட்டும் உறுதி செய்துகொண்டேன்.

சாயங்காலம் வேலியோரம் வேதமுத்து நின்றார்.

“என்ன கான்வென்ட்டம்மா, கருஞ்சீரகம் வாங்கியாந்து வெதைக்கப் போறீங்களாமே? பிரியாணிக்கா, வயித்துக்கா?”

“வெங்காய விதை.”

“வெங்காயத்துக்குக் காய்தாங்க வெதை. எங்கப்பன் காலத்துலேருந்து.”

“உங்கள் அப்பா காலத்தில் கோழிக்கால் இல்லை.”

சிரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இந்தத் தடவையும் பட்டறையில அழுவிப்போச்சுன்னா, காட்டைப் பூட்டிட்டு ஓசூர் போயிட வேண்டியதுதான். மவ கூப்புட்டுக்கிட்டே கெடக்கா” என்றார்.

காட்டைப் பூட்ட முடியாது. அதை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 8

விதைத்தாயிற்று. நான்கு மேட்டுப்பாத்திகள். கயிறு கட்டித்தான் ஓரம் வெட்ட வேண்டும் என்றேன். கொளஞ்சி முனகினாள். என்னிடம் வெகு காலமாக வேலை பார்க்கிறவள், முனகுவதும் வேலையில் சேர்த்தி.

“இப்புடி நெருக்கிப் போட்டா பள்ளிக்கொடத்துப் பஸ்ஸுல நிக்கிற மாரி நிக்குமேம்மா.”

“நிற்கட்டும். இடம் கிடைத்தால் பெருத்துவிடும். எனக்குச் சிறிய காய்தான் வேண்டும்.”

கருஞ்சீரகம் போலவே கறுத்திருக்கும் அந்த விதையில் மணல் கலந்து கோடு கோடாகத் தூவி, மேலே வைக்கோல் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளித்தோம். வேதமுத்து அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “பாத்தியா, பலிபீடமாங்க இது? மெழுகுத்திரிதான் பாக்கி” என்றார்.

ஓரம் நேராக இருப்பதில் என்ன நகைச்சுவை என்று எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 13

முளைக்கவில்லை. வைக்கோலை நீக்கி நீக்கிப் பார்ப்பது கெடுதல் என்று எனக்கே தெரியும். இருந்தும் போய்ப் போய்ப் பார்க்கிறேன். தையல் எடுத்தேன், வைத்தேன். ஜெபமாலை பாதியில் எத்தனையாவது மணி என்று மறந்துபோயிற்று.

ஜனவரி 17

முளைத்துவிட்டது. வெங்காயம் இப்படியா முளைக்கும்! காயிலிருந்து வரும் முளை பச்சை ஈட்டிபோலக் கூட்டமாகக் கிளம்பும். இது ஒற்றை மயிரிழை. இரண்டாக மடிந்து, ஊசிக் காதுபோல வளைந்து எழுந்திருக்கிறது. பிறகு நிமிர்கிறது. நிமிர்ந்ததன் நுனியில் கறுப்பு விதைத்தோல் குல்லா போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

வேதமுத்து பெரம்பலூர் போயிருந்தார் போலும். வேலிக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. கம்பி சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 23

நாளை திருச்சி போகிறேன். என் பழைய பள்ளியில் விழா. எங்களுக்குக் கணக்கு நடத்திய சிஸ்டர் இன்னும் இருக்கிறாராம், தொண்ணூறைத் தாண்டி. காலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும், வேறு எதுவும் செய்யக் கூடாது என்று கொளஞ்சியிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஜனவரி 27

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் போகாமல் நேராகக் காட்டுக்குப் போனேன். முதல் இரண்டு பாத்திகளில் ஒரு பச்சைகூட இல்லை. மண் கொத்திச் சுத்தமாகக் கிடந்தது. கொத்திய மண்ணில் சீராகக் காய் ஊன்றியிருந்தது. சாதாரண விதைக்காய். மேல்முனை மட்டும் தெரியும்படி, கோடு பிடித்ததுபோல. மூன்றாவது, நான்காவது பாத்திகளில் என் நாற்று அப்படியே நின்றது.

வேதமுத்து வேலியைத் தாண்டி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“வந்துட்டீங்களா? பாத்தீங்களா?”

“யார் செய்தது?”

“நம்மதான். நேத்து என் காட்டுக்கு வந்த களை ஆளுவளைக் கூட்டியாந்து வுட்டேன். உங்க பாத்தி முச்சூடும் புல்லா மொளைச்சுக் கெடந்துச்சுங்க. வெதை ஒண்ணுகூட வெளங்கல. நீங்க வந்து பாத்து மனசு சங்கடப்படுவீங்க, ஊர்ல நாலு பேரு சிரிப்பாங்கன்னுட்டு...”

“அது புல் இல்லை.”

“கோரப்புல்லுங்க. மசுரு மாரி.”

“அதுதான் வெங்காயம்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மூன்றாவது பாத்தியருகே போய்க் குனிந்தார். ஒன்றைக் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்தார். முகர்ந்த பிறகு நிமிரவே இல்லை.

“களை புடுங்கறப்பவே ஒரு பொம்பள சொல்லுச்சு, வெங்காய வாடை வருதுன்னு” என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டு. “இந்தக் காட்டுல வேற என்ன வாடை வரும், பேசாம புடுங்குன்னேன்.”

பிறந்ததிலிருந்து வெங்காயக் காட்டில் களை எடுத்தவர்கள், வெங்காயத்தையே களையென்று பிடுங்கியிருக்கிறார்கள். விதையிலிருந்து வந்த வெங்காயத்தை இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றம் இல்லை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

“இந்தக் காய் எங்கிருந்து வந்தது?”

“நம்ம பட்டறையில இருந்துதாங்க. நல்லதாப் பொறுக்கி... பாத்தி வெறும் மண்ணாக் கெடக்க வேணாமேன்னு. ரெண்டு பாத்திக்குத்தான் தேறுச்சு, அதான் மத்த ரெண்டையும் தொடல.”

நோய்க் காடு. அந்தக் காட்டில் விளைந்த காய். எந்த மண்ணைச் சுத்தமாக வைத்திருந்தேனோ அந்த மண்ணில்.

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கிப் பிடுங்கி வேலிக்கு மேலே அவர் காட்டுக்குள் எறிந்தேன். அவர் வேலியைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் குனிந்து துண்டில் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று காய் அவர் தோளில் பட்டது. நகரவில்லை. கடைசிக் காய் வரைக்கும் பொறுக்கிக்கொண்டு போனார்.

சிஸ்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அதை எழுத மறந்துவிட்டேன்.

ஜனவரி 28

அந்த இரண்டு பாத்திகளின் மேல்மண்ணை வெட்டிச் சாலையோரம் கொட்டச் சொன்னேன். கொளஞ்சி முனகக்கூட இல்லை.

பிப்ரவரி 2

மெழுகுத்திரி மந்திரிப்புப் பூசை. வேதமுத்து கடைசி வரிசையில் நின்றிருந்தாராம், கொளஞ்சி சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொளஞ்சிக்கு இது எப்படித் தெரியும்? அவள் கோவிலுக்கு வருவதே இல்லை.

பிப்ரவரி 6

கம்பி சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 10

மயில்கள். விடிவதற்குள் கூட்டமாக இறங்கி நான்காவது பாத்தியின் ஒரு மூலையைக் கிளறிவிட்டன. நாற்று நான்கு விரல் உயரம், இப்போதுதான் தாள் உருண்டுகொண்டு வருகிறது. தகரம் தட்டி விரட்டினேன். நான் வீடு திரும்பும் முன்பே மறுபடி வந்து நின்றன. பகல் முழுவதும் நடந்துகொண்டே இருந்தேன். கால் வீங்கிவிட்டது.

பிப்ரவரி 12

காலையில் போனபோது இரண்டு பாத்திகளையும் சுற்றிக் குச்சி நட்டிருந்தது. குச்சிக்குக் குச்சி பழைய கேசட்டின் நாடா இழுத்துக் கட்டியிருந்தது. காற்றடித்தால் வெயிலில் மின்னுகிறது, ‘உம்’மென்று ஓயாமல் முனகுகிறது. மயில் கிட்டே வரவில்லை.

“யார் கட்டியது?” என்று கொளஞ்சியைக் கேட்டேன்.

“எனக்கு என்னாம்மா தெரியும்? காத்துல வந்துருக்கும்.”

“காற்று முடிச்சுப் போடுமா?”

“இந்தக் காலத்துல எல்லாந்தாம்மா நடக்குது.”

கடைசிக் குச்சியில் காலி கேசட் பெட்டி தொங்குகிறது. மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் ‘பாஸ்கா – பிலாத்து’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. இயேசுவின் பாடுகளை நடிக்கும் எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் வேதமுத்துதான் வருடாவருடம் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து. ஒரு வருடம் மரியதாஸ் டேப் ரிக்கார்டரில் அதைப் பதிவு செய்து அவருக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டியே இவர் உயிரை எடுத்திருக்கிறார்.

நாடாவை அவிழ்த்துவிடலாம் என்றுதான் போனேன். மயில் தொல்லை தீரும் வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பயிர்தான் முக்கியம்.

பிப்ரவரி 19

அந்தச் சத்தம் வீட்டுவரை கேட்கிறது. அல்லது கேட்பதுபோல இருக்கிறது.

மார்ச் 1

அடியில் காய் பிடித்திருக்கிறது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன்: பட்டாணியை விடக் கொஞ்சம் பெரியது, இளஞ்சிவப்பு. தாளில் முறுக்கல் இல்லை. ஒரு செடியிலும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மகனுக்குப் போன் செய்தேன். “சூப்பர்மா, அப்புறம் பேசறேன்” என்றான். மீட்டிங்காம்.

மார்ச் 9

மேற்குக் காற்றில் அழுகல் நாற்றம் வருகிறது. அவருடைய பட்டறைதான். மூங்கில் தட்டி வைத்து, அடியில் காற்றோட்டம் விட்டு, மேலே பனையோலை வேய்ந்து, ஊரிலேயே ஒழுங்காகப் பட்டறை போடுகிறவர் அவர்தான். பட்டறை என்ன செய்யும்? நோய் காய்க்குள் இருக்கிறது.

கொளஞ்சி சொன்னாள்: “ஒரு கூடை தேறலையாம்மா. எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில போட்டுட்டு நின்னுக்கிட்டுருந்தாரு. பாக்கவே முடியல.”

“எரிக்கச் சொல். குப்பையில் போட்டால் மறுபடி எருவோடு காட்டுக்கு வரும்.”

“நீங்களே சொல்லுங்க. ரெண்டு எட்டு.”

“அவருக்குத் தெரியாததா?”

“ஓசூருக்குக் கெளம்புறாரும்மா. வைகாசியில மவ வந்து கூட்டிட்டுப் போவுது. நிலத்தைச் சோளத்துக்குக் குத்தகைக்கு வுடப் போறாராம். ஊன்றதுக்குக் காய் இருந்தாத்தானே காட்டுல கெடக்கணும், நான் மட்டும் எதுக்குன்னு சொன்னாரு.”

“சோளம் மண்ணுக்கு நல்லது” என்றேன்.

கொளஞ்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 10

ஓசூரில் குளிர் அதிகம். அவருக்கு மூச்சிளைப்பு உண்டு.

மார்ச் 19

தண்ணீரை நிறுத்திவிட்டேன். தாள் கழுத்தில் மடிந்து சாயத் தொடங்கிவிட்டது. வெயில் கொளுத்துகிறது, மண் வெடிக்கிறது, பூவாளி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒரு கை தெளித்தால் என்ன என்று மனம் அரிக்கிறது. தெளித்தால் காய் உறங்காது, பட்டறையில் தாங்காது. பூவாளியை எடுத்துக்கொண்டுபோய் அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 29

பெரிய வெள்ளி. பாஸ்கா நாடகத்தில் இந்த வருடம் பிலாத்துவாக வேறு ஒருவர் நடித்தார். வேதமுத்துவைக் கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். புதியவர் கை கழுவும் இடத்தில் சொம்பைக் கீழே போட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் காட்டுக்குப் போனேன். நல்ல காற்று. நாடா ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. ஊரில் யாருக்கும் கேட்காத பிலாத்து என் பாத்தியைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. வெயில்.

ஏப்ரல் 2

ஈஸ்டர் கழிந்து இன்று பிடுங்கினோம். கொளஞ்சியும் நானும்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒற்றைக் காயாக, உருண்டையாக, ஒட்டிய மண்ணோடு வந்தது. கோலிக்குண்டு. சில நெல்லிக்காய். கொளஞ்சி ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அடியாத்தே. கருஞ்சீரகத்துலேருந்து.”

“வெங்காய விதை.”

“ஆமாமா, அதான். அவரு பாக்கணும் இதை.”

நான் தாளோடு கட்டிக் கொத்துக் கொத்தாக நிழலில் தொங்கவிடச் சொன்னேன். நாடாவைச் சுருட்டிக் கேசட் பெட்டிக்குள் வைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்.

ஏப்ரல் 16

தாள் சருகாகிவிட்டது. கழுத்து தடித்தவை, இரட்டையானவை, கத்திபட்டவை என்று பொறுக்கித் தள்ளினேன். தள்ளியதைச் சாம்பாருக்கு வைத்துக்கொண்டேன். நல்ல ருசி, காரம் கொஞ்சம் தூக்கல். நின்றது முழுக்க முதல்தரம். இரண்டு பாத்திக்கு இது அதிகம். ஆனாலும் நடவுக்கு ஒரு துண்டு நிலத்துக்குத்தான் காணும். நான்கு பாத்தியும் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டு பேர் என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்க மனமில்லை. பேனாவால் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது பள்ளியில் பழகியது.

மே 3

கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தொய்யவில்லை. அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது. கீழ்வேர்ப்பக்கம் சுத்தம்.

மே 12

கொளஞ்சி சொல்லிவிட்டுப் போனாள்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய மகள் வண்டியோடு வருகிறாள். பாத்திரங்களைக் கட்டிவிட்டார். கோழிகளைக் கொளஞ்சிக்கே கொடுத்துவிட்டார்.

“உங்களுக்கு ஒண்ணும் சொல்லி வுடலையாம்மா அவரு?”

“எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?”

“அதானே” என்றாள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். “நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தக் கூடை அம்புட்டும் யாருக்கும்மா? ஒத்த ஆளா நீங்க நடவு நடப் போறீங்களா?”

கோழி கத்திய சத்தத்தில் நான் சொன்ன பதில் அவளுக்குக் கேட்டிருக்காது. நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

மே 13

உட்கார முடியவில்லை. மேற்குத் துண்டைப் போய்ப் பார்த்தேன். மரியதாஸ் இருந்த காலத்திலிருந்து அங்கே பருத்தியும் சோளமும் மாற்றி மாற்றித்தான் போட்டிருக்கிறேன், வெங்காயம் ஊன்றியதே இல்லை. சுத்தமான மண். கிணறு பக்கம். வேலி வழியாக அவர் காட்டையும் பார்த்தேன். அங்கே இந்தக் காயை நட்டால் ஒரே பட்டத்தில் கெட்டுவிடும். காய் என்னிடம், மண் என்னிடம். நடவு ஆளைத் திரட்டுவது, வரப்பு கட்டுவது, பட்டறை போடுவது எனக்கு வராது. எழுதிப் பார்த்தால் கணக்கு நேராக இருக்கிறது. சிஸ்டர் பார்த்தால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க மாட்டார்.

அப்படியிருந்தும் கை ஓடவில்லை.

மே 14

கடிதம் எழுதினேன். கூடைகளின் மேல் வைத்துக் கொளஞ்சியும் அவள் மகனும் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறார்கள். எழுதியதை ஒழுங்குக்காக இங்கேயும் நகல் எடுத்து வைக்கிறேன். எப்படி விளிப்பது என்றுதான் வெகுநேரம் யோசித்தேன். இத்தனை காலத்தில் அவரை நேரில் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

*

திரு. வேதமுத்து அவர்களுக்கு,

இத்துடன் உள்ளவை விதையிலிருந்து எடுத்த நடவுக் காய்கள். அமுக்கிப் பாருங்கள், வெட்டியும் பாருங்கள். நோய் இல்லை. இவற்றில் பாதிக்கு உங்கள் கேசட் காரணம். நாடா என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் காயை உங்கள் காட்டில் நடக் கூடாது. அந்த மண்ணுக்குச் சில வருடம் சோளம் போடுங்கள், தவறில்லை. ஆனால் குத்தகைக்கு விட்டுவிட்டு நீங்கள் ஏன் ஓசூர் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. என் மேற்குத் துண்டு சுத்தமான நிலம். காயும் நிலமும் என்னுடையவை. நடவும் பட்டறையும் உங்களுடையவை. விளைவது இருவருக்கும். அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் ஊரில் கேட்பவருக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்குத் தேறும் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் நான் வேலிக்கு மேல் எறிந்தவை நோய்க் காய்கள். எறியத்தான் வேண்டும். உங்கள் மேல் பட்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் பொறுக்கிக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை.

ஊர் ஏதாவது சொல்லும். சொல்வதைத் திருத்த எனக்குத் தெரியும்.

ஓசூரில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். அது ஒரு காரணம் அல்ல. தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் இருக்கிறீர்களா, போகிறீர்களா என்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எனக்குத் தெரிவிக்க வேண்டும். கொளஞ்சியிடம் வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம், வேலியோரம் நின்று சிரிக்கவும் வேண்டாம். ஒரு வரியானாலும் போதும், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிலோமினா